சுட்டது நான்தானே? கதை விளையாட்டுகள் மனத்தில் ஏற்றும் சுமை பற்றி

அரசலாறு (கும்பகோணம்)

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த மன்ற இழையில் பல வீடியோ விளையாட்டுகளின் முடிவுகள் வெளிப்படையாகப் பேசப்படும். இனிமேல்தான் விளையாட வேண்டும் என்றிருப்பவர்கள், பெயரைக் கண்டதும் அந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். பகல் முழுவதும் எண்களோடு மாரடித்துவிட்டு, இரவில் இரண்டு மணி நேரம் விளையாடுவது பத்தாண்டுப் பழக்கம். கால்பந்தும் கார்ப் பந்தயமும்தான் அதிகம். தோற்றால் கொஞ்சம் எரிச்சல், ஜெயித்தால் கொஞ்சம் மகிழ்ச்சி, படுத்தால் இரண்டும் மறந்துபோகும். சென்ற மாதம் நண்பர் ஒருவரின் நச்சரிப்பு தாங்காமல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதல் பாகத்தைத் தொடங்கினேன். நாட்டி டாக் நிறுவனம் 2013-இல் ப்ளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்டு, பின்னாளில் கணினிக்கும் கொண்டுவந்த விளையாட்டு அது. கொள்ளைநோயால் நாடே அழிந்துபோன அமெரிக்காவில், மகளைப் பறிகொடுத்த ஜோயல் என்ற முரடன், நோய் தொற்றியவர்களிடம் கடிபட்டும் நோய் தாக்காத எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணை நாட்டின் குறுக்கே வெகுதூரம் கூட்டிச் செல்வதுதான் கதை.

கடைசியில் ஒரு மருத்துவமனை வருகிறது. எல்லியின் மூளையை அறுத்தால் உலகத்துக்கு மருந்து கிடைக்கலாம், ஆனால் அவள் பிழைக்க மாட்டாள். ஜோயல் அறுவை அறைக்குள் நுழையும்போது, மருத்துவர் கையில் சிறு கத்தியுடன் வழிமறித்து நிற்கிறார். நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டேன். ஒரு நிமிடம் இருக்கும். அவரும் நகரவில்லை, கதையும் நகரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு ட்ரிகரை அழுத்தினேன்.

இதே காட்சியைத் திரையரங்கில் பார்த்திருந்தால், ஜோயல் செய்தது சரியா தவறா என்று வெளியே வந்து தேநீர்க் கடையில் வாதாடியிருப்பேன். ஆனால் மறுநாள் காலை பில் புத்தகத்தைத் திறந்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வி "நான் ஏன் அவரைச் சுட்டேன்?" என்பதுதான், ஜோயலின் பெயரே அதில் இல்லை. இரண்டு வாரமாக இது போகவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

பேரேடு (திருவாரூர்)

நண்பரே, தவறாக எண்ண வேண்டாம். நீங்கள் யாரையும் சுடவில்லை. அந்த அறையில் உங்களுக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன: அழுத்துவது, அல்லது இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் போவது. வேறு வழியை அடைத்துவிட்டு, திறந்திருந்த ஒரே வழியில் நடந்ததற்காக உங்களைக் குற்றவாளியாக உணரவைப்பது கதாசிரியரின் சாமர்த்தியம். அதில் உங்கள் அறம் எங்கே வந்தது? தேர்வு இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்பது என் நிலை.

தேர்வு உள்ள விளையாட்டுகளிலும் நான் பெரிதாக ஒன்றும் உணர்ந்ததில்லை. டெல்டேல் நிறுவனத்தின் 'தி வாக்கிங் டெட்' 2012-இல் வந்தது. அதில் யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று நொடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், உலகெங்கும் விளையாடியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் உங்களைப் போலவே முடிவெடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். பெரும்பான்மையோடு நானும் இருக்கிறேன் என்று தெரிந்தவுடன் என் துக்கம் பாதி கரைந்துவிட்டது. கணக்கு எழுதுகிறவனுக்கு நேர்ந்த சாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அதே தொழிலில் இருந்துகொண்டு இப்படிக் கலங்குவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

குடமுருட்டி (ஐயம்பேட்டை)

பேரேடு அவர்களின் வாதத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். ஆனால் கைக்குத் தெரிவது எல்லாம் மூளைக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது.

'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' என்ற சிறிய விளையாட்டு 2013-இல் வந்தது. இயக்கியவர் ஜோசப் ஃபாரஸ். ஸ்வீடனில் திரைப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் போகும் அண்ணன் தம்பி இருவரையும் ஒரே ஆள் நடத்த வேண்டும். கன்ட்ரோலரின் இடது கைக் குச்சி அண்ணனுக்கு, வலது கைக் குச்சி தம்பிக்கு. முதல் அரை மணி நேரம் இருவரும் முட்டிக்கொள்வார்கள். பிறகு கை பழகிவிடும். தாய் நீரில் மூழ்கி இறந்ததைத் தம்பி கண்ணால் கண்டவன் என்பதால் அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆறு குறுக்கிட்டால் அண்ணன் நீந்துவான். தம்பி அவன் முதுகைப் பற்றிக்கொள்வான்.

கதையின் பிற்பகுதியில் அண்ணன் இறந்துவிடுகிறான். தம்பி தானே குழி வெட்டி அவனைப் புதைக்க வேண்டும். மருந்தோடு ஊர் திரும்பும் வழியில் நீர் குறுக்கே கிடக்கிறது. வலது கைப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் தம்பி இறங்க மறுத்து நிற்கிறான். இத்தனை நேரம் சும்மா கிடந்த என் இடது கை, எதையோ நினைத்துக்கொண்டதைப் போல, அண்ணனின் பொத்தானை அழுத்தியது. தம்பி நீந்தத் தொடங்கினான்.

ஒரு வசனம் கிடையாது. அந்த விளையாட்டில் பேசப்படுவதே யாருக்கும் புரியாத, இட்டுக்கட்டிய மொழி. இருந்தும் கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவியது.

எனக்கு நீச்சல் கற்றுத் தந்தவன் என் அண்ணன். குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்த புதிதில், படித்துறையிலிருந்து நாலடி தள்ளி, என் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "கையை எடுக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துவிடுவான். இரண்டு மா நிலத்தின் பாகப்பிரிவினையில் எங்களுக்குள் பேச்சு நின்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதைப் படிக்கும் நீங்கள், நான் அவனைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எண்ணை எடுத்துப் பார்த்தேன், வைத்துவிட்டேன். ஆனால் இடது கை அழுத்திய அந்தக் கணம் பொய் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மன்னை ஆசிரியர் (மன்னார்குடி)

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். விளையாடுவது என் பேரன்; பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நான். எனவே என் கருத்தைப் பார்வையாளனின் கருத்தாகவே கொள்ளுங்கள்.

உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் புலப்படுவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, அவற்றுள் அழுகை பிறப்பதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு களங்களைக் காட்டுகிறது. குடமுருட்டி தம்பி சொன்னது இழவு. அதில் ஐயமே இல்லை. அரசலாறு தம்பி சொல்வது எதில் அடங்கும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவர் எதையும் இழக்கவில்லை. சொல்லப்போனால் காப்பாற்ற நினைத்த பெண்ணைக் காப்பாற்றிவிட்டார். இளிவு என்பதற்குப் பிறரால் இகழப்பட்டு எளியவனாதல் என்று பொருள் கொண்டால், இங்கே இகழ்பவனும் இகழப்படுபவனும் ஒருவனே. தன் கை செய்ததைத் தன் கண்ணே பார்த்துக் கூசும் இந்த நிலையை மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் அடைவதில்லை. நடிப்பவன் அடையலாம். ஆகவே விளையாடுகிறவனைப் பார்வையாளர் வரிசையில் வைத்துப் பேசுவதே பிழையோ என்று தோன்றுகிறது.

பேரனிடம் இதைச் சொன்னேன். "தாத்தா, முதலில் என்னைச் சாக விடாமல் விளையாட விடுங்கள்" என்றான். அவன் கவலை அவனுக்கு.

பேரேடு (திருவாரூர்)

ஆசிரியர் ஐயா சொல்வதை வைத்தே என் அச்சத்தைச் சொல்கிறேன். நடிப்பவன் வேடத்தைக் கழற்ற மறந்தால் என்ன ஆகும்?

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் 2020 ஜூனில் வெளிவந்தது. முதல் பாகத்தில் அரசலாறு சுட்ட அதே மருத்துவரின் மகள் அபி, ஜோயலைத் தேடி வந்து கொல்கிறாள். அதன்பின் கதையின் ஏறக்குறைய பாதியை அந்த அபியாகவே நீங்கள் விளையாட வேண்டும். ஒரு கட்டத்தில் அபியாக இருந்துகொண்டு எல்லியையே அடிக்க வேண்டும். எழுத்தின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் அபிக்குக் குரலும் உடலசைவும் தந்து நடித்த லாரா பெய்லி என்ற நடிகைக்கு, ஜோயலைக் கொன்றதற்காகக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் அவற்றில் சிலவற்றை வெளியிட்டுக் காட்டினார். உணர்வு ஆழமாக இறங்கியது என்று கொண்டாடுகிறவர்கள், இறங்கிய இடத்தில் என்ன முளைத்தது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

அரசலாறு (கும்பகோணம்)

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிரட்டியவர்களின் சிக்கல் வேடத்தைக் கழற்றாதது என்று நான் நினைக்கவில்லை. அபியின் வேடத்தைப் போடவே அவர்கள் மறுத்துவிட்டார்கள். எல்லியாக இருந்தபோது மட்டும் 'நான்' என்றவர்கள், அபியாக இருந்தபோது 'அவள்' என்றார்கள். எனக்கும் அந்தப் பாதியின் முதல் இரண்டு மணி நேரம் அப்படித்தான் இருந்தது. அவளை வேண்டுமென்றே எதிரிகளின் முன்னால் நிறுத்திச் சாக விட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான்காவது இரவில்தான், அவள் தன் தந்தையின் அறைக்கு ஓடும் நினைவுக் காட்சியில், அந்த வாசலை அடையாளம் கண்டுகொண்டேன். அது நான் நுழைந்த வாசல்.

பாலிடெக்னிக் மூன்றாமாண்டு (மயிலாடுதுறை)

அண்ணன்மார்களே, எல்லாரும் விலை உயர்ந்த கருவிகளில் விளையாடுகிறவர்களாக இருக்கிறீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பிலும் அழ முடியும் என்பதைப் பதிவு செய்ய வந்தேன். 2011-இல் வந்த 'டு தி மூன்' எதிலும் ஓடும். இறக்கும் தறுவாயில் இருக்கும் ஒரு கிழவர் நிலவுக்குப் போக வேண்டும் என்கிறார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. இவ்வளவுதான் சொல்வேன்.

இன்னொன்று 'பிஃபோர் யுவர் ஐஸ்', 2021. இதில் பொத்தானுக்குப் பதிலாக லேப்டாப் கேமரா உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் இமைத்தால் காலம் நகர்ந்துவிடும். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது இமைத்தால் அந்தப் பேச்சு பாதியில் போய்விடும், திரும்பி வராது. இமைக்கக் கூடாது என்று கண்ணைப் பிளந்துகொண்டிருப்பேன். காட்சி நெஞ்சை அடைக்கும்போது கண்ணில் நீர் கட்டும், நீர் கட்டினால் இமை தானாக மூடும், மூடினால் அந்தக் காட்சி போய்விடும். அழுகிறவனிடமிருந்தே அழவைத்ததைப் பிடுங்கிக்கொள்ளும் விளையாட்டு இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

நான் விளையாடிய அன்று எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தும் இருட்டில் கேமராவுக்கு என் கண் தெரியவில்லை. என் தங்கை மெழுகுவர்த்தியை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க, கடைசிப் பதினைந்து நிமிடங்களை அப்படித்தான் முடித்தேன். அவள் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவுப்பணி (தஞ்சாவூர்)

நான் குழந்தைகள் வார்டில் செவிலியாக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம்.

'தட் டிராகன், கேன்சர்' என்ற விளையாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். ரையன் கிரீன், ஏமி கிரீன் என்ற அமெரிக்கத் தம்பதியர் தங்கள் மகன் ஜோயலுக்கு மூளையில் புற்றுநோய் கண்ட பிறகு, அவன் உயிரோடு இருந்தபோதே உருவாக்கத் தொடங்கியது. அவன் 2014 மார்ச்சில், ஐந்து வயதில் இறந்துவிட்டான். விளையாட்டு 2016 ஜனவரியில், அவன் பிறந்த நாளில் வெளிவந்தது. அதில் ஒரு மருத்துவமனை இரவு வருகிறது. அறையில் தந்தையும் குழந்தையும் மட்டும். குழந்தை அழுகிறது. திரையில் எதைச் சொடுக்கினாலும், எங்கே போய் நின்றாலும், அழுகை நிற்பதில்லை. விளையாட்டு என்றால் ஏதாவது செய்தால் ஏதாவது நடக்க வேண்டும் என்று பழகிய கை, செய்து செய்து ஓய்ந்துபோகிறது.

பேரேடு அண்ணன் சொல்லும் 'வேறு வழியில்லாத நிலை' இதுதான். அது சாமர்த்தியம் என்றால், எங்கள் வார்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் அந்தச் சாமர்த்தியத்தைக் காட்டியது யார்?

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த அழுகையை நான் இடையில் நிறுத்தி வைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, பால்காரருக்குப் பாக்கி கொடுத்துவிட்டு, திரும்பி வந்து தொடர்ந்தேன். அப்படி நிறுத்த முடிந்ததே எனக்கு உறுத்தலாக இருந்தது. விளையாட்டின் முன்னால் நான் அழவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். அவ்வளவு எளிதில் வராது.

அடுத்த வாரம் இரவுப்பணியில் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, குழந்தை ஏன் அழுகையை நிறுத்தவில்லை என்று கேட்டார். மருந்து இறங்க நேரமாகும், போய் உட்காருங்கள் என்பது நான் ஆயிரம் முறை சொன்ன பதில். அன்று அதைச் சொன்ன பிறகு, கட்டிலின் அருகிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். பேசவில்லை. பிறகு அடுத்த படுக்கைக்குச் சொட்டு மருந்து மாற்ற வேண்டியிருந்தது, எழுந்து போய்விட்டேன்.

வெண்கலப்பானை (கும்பகோணம்)

தம்பி தங்கைகளுக்கு வணக்கம். எனக்கு வயது அறுபத்து மூன்று. இதை என் மருமகள் தட்டச்சு செய்து தருகிறாள்.

என் சின்னவன் கனடாவில் இருக்கிறான். போன முறை வந்தபோது மடிக்கணினியில் 'வெண்பா' என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அம்மா, இதை நீயே விளையாடு" என்றான். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற நிறுவனம் 2023 ஜூலை கடைசியில் வெளியிட்டதாம்; அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விழாவில், முதல் படைப்புக்கான விருது வாங்கியதாம். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதிக்கு அங்கே கவின் என்று ஒரு பிள்ளை பிறந்து வளர்கிறான். வெண்பாவிடம் அவள் தாயாரின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கிழிந்தும் அழிந்தும் போன புத்தகம். விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும்.

முதலில் இட்லி. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி மேல் தட்டு வரைக்கும் ஏறும் என்று கண்டுபிடிக்க வேண்டும். என் மகன் மூன்று முறை தப்பாக அடுக்கினானாம். நான் பார்த்த மாத்திரத்தில் அடுக்கிவிட்டேன். கை தட்டிச் சிரித்தோம்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பையன் வளர வளர, தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அம்மா சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், அவன் வருவதில்லை. சமைக்க வைத்தவர்கள் இப்போது காத்திருக்கவும் வைக்கிறார்கள். அத்தனை பதார்த்தத்தையும் என் கையால் செய்துவிட்டு அந்த மேசையைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. பக்கத்தில் என் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் என்னை விளையாடச் சொன்னதன் காரணம் அப்போது புரிந்தது. அவனால் வாயால் கேட்க முடியாத மன்னிப்பு அது என்று நான் எடுத்துக்கொண்டேன். அவன் அப்படி நினைத்தானோ இல்லையோ, கேட்கவில்லை.

என் தாயார் குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை. உப்பு எவ்வளவு என்றால் "கை சொல்லும்" என்பார்கள். மருமகளிடம் இப்போது ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். கொத்சு வரைக்கும் எழுதியாகிவிட்டது.

நடவுக்காலம் (திருத்துறைப்பூண்டி)

எல்லாம் சரி. எங்கள் வீட்டில் பையன் விடிய விடிய விளையாடிப் பத்தாம் வகுப்பில் மதிப்பெண் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனமே இதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நீங்கள் அதற்கு இலக்கணம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

உங்கள் வருத்தம் நியாயமானது. அந்த நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருப்பதும், அது 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருப்பதும் உண்மை. ஆனால் அது கட்டுப்பாட்டை இழந்து, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு விளையாடுவதைப் பற்றியது. நாங்கள் பேசுவது, ஒரு முறை முடித்துவிட்டு மறுபடி தொடவே மனம் வராத விளையாட்டுகளைப் பற்றி. தயவுசெய்து அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். நானும் வந்து எழுதுகிறேன்.

முன்வரிசைப் பாய் (மெலட்டூர்)

ஆசிரியர் ஐயா, விளையாடுகிறவன் பார்வையாளனா நடிகனா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். எங்கள் ஊர்க்காரனுக்கு அதில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். வரதராஜப் பெருமாள் கோயில் சந்நிதியில், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி இயற்றிய தெலுங்கு நாடகங்களை ஆண்கள் மட்டுமே ஆடுவார்கள். அலுவலகத்திலும் வங்கியிலும் வேலை பார்ப்பவர்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஆடுகிறார்கள். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மருக்கு உரிய முகமூடி வெறும் ஒப்பனைப் பொருளாக வைக்கப்படுவதில்லை, பூசையில் இருப்பது. அதை அணிபவர் விரதம் இருந்து அணிவார். விடியும் நேரத்தில் தூண் பிளந்து நரசிம்மம் வெளிப்படும்போது அவருக்கு ஆவேசம் வரும். அவரை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். இரணியனாக நிற்பவர் மேல் பாய்ந்துவிடாமல் பிடித்தாக வேண்டும். பிறகு முகமூடியை இறக்கி, தீபாராதனை காட்டி, அவரைத் தணித்து, வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள்.

சின்ன வயதிலிருந்து முதல் வரிசையில் பாய் போட்டுப் பார்ப்பவன் நான். எனக்குத் தெரிந்தவரை, ஒருவன் வேறொருவனாக மாறுவது அபாயமானது என்பதை எங்கள் பெரியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் போவதற்கு ஒரு வழியும், திரும்பி வருவதற்கு ஒரு வழியும், நடுவில் பிடித்துக்கொள்ள நாலு கைகளும் வைத்தார்கள். அரசலாறு தம்பி இரவில் தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மனிதனைச் சுட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறார். அவரைப் பிடித்துக்கொள்ள யார் இருந்தார்கள்? மயிலாடுதுறைத் தம்பிக்காவது மெழுகுவர்த்தியோடு ஒரு தங்கை நின்றாள்.

தென்னம்பிள்ளை (பேராவூரணி)

மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன்.

நான் பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் வசூல் வேலை பார்த்தவன். பெயர் வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்துத் தென்னை எல்லாம் ஒரே இரவில் சாய்ந்தது. தென்னை போனால் புதிய பிள்ளை காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஆனால் வாரத் தவணைக்கு அது தெரியாது. அடுத்த சில மாதங்களில் வீடு வீடாக எங்களை அனுப்பினார்கள்.

நான் யாரையும் அடித்ததில்லை, வாய் தவறி ஒரு சொல் பேசியதில்லை. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் செய்தது உட்கார்ந்ததுதான். காலை ஏழு மணிக்குப் போய்த் திண்ணையில் உட்காருவேன். பணம் வரும்வரை எழ மாட்டேன். ஒரு வீட்டில், பாதி ஓடு பறந்துபோன வீடு, ஓர் அக்கா மத்தியானம் எனக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவனுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது அல்லவா? வாங்கிக் குடித்தேன். நாலு மணிக்கு வெளியே போனவர் ஆறு மணிக்குப் பணத்தோடு வந்தார். காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புயலுக்கு மூன்று வாரம் முன்னால்தான் 'ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2' வெளிவந்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, நண்பனின் கணினியில் விளையாடினேன். கதை நடப்பது 1899-இல். ஆர்தர் மார்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்து ஆள். கூட்டத்தில் ஒருவன் ஏழைகளுக்கு வட்டிக்குக் கொடுப்பான், ஆர்தர் வசூலிக்க வேண்டும். டௌன்ஸ் என்ற நோயாளி விவசாயியின் வீட்டுக்குப் போகிறோம். வேலிக்கு அருகில் அவரைப் பிடித்து அடிக்க வேண்டும். அடிக்கும் பொத்தானை நான் தயங்காமல் அழுத்தினேன். தொழில் தெரிந்தவன் அல்லவா. அவர் இருமுகிறார், ஆர்தரின் முகத்தில் இரத்தம் தெறிக்கிறது. மனைவியும் மகனும் பார்க்கிறார்கள்.

பல மணி நேர விளையாட்டுக்குப் பிறகு, ஆர்தர் தெருவில் மயங்கி விழுகிறான். மருத்துவர் காசநோய் என்கிறார். எங்கே தொற்றியது என்பது எனக்கு மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. அன்று எழுந்து வெளியே வந்து வெகுநேரம் நின்றிருந்தேன். திரும்பிப் போய், முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, அந்த ஆளை அடிக்காமல் விட வழி உண்டா என்று பார்த்தேன். இல்லை. அடிக்காமல் கதை நகராது.

பேரேடு அண்ணன் 'தேர்வு இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை' என்று எழுதியிருக்கிறார். நானும் அப்போது அதையேதான் சொல்லிக்கொண்டேன். மேலாளர் இலக்கு கொடுக்கிறார், நான் போகாவிட்டால் வேறொருவன் போவான், எனக்கும் வீட்டில் தவணை இருக்கிறது. ஒன்றும் பொய் இல்லை. விளையாட்டு எனக்குப் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை. அந்தக் காப்பியை நான் வாங்கிக் குடித்ததை மட்டும் நினைவுபடுத்தியது.

இரவுப்பணி (தஞ்சாவூர்)

படித்தேன், தம்பி.

பேரேடு (திருவாரூர்)

என் வாக்கியத்தை உங்கள் பதிவில் பார்த்தபோது நான் எழுதியது போலவே இல்லை. வாதத்தைப் பிறகு பார்ப்போம். கேட்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்த வீட்டுக்கு மறுபடியும் போனீர்களா?

தென்னம்பிள்ளை (பேராவூரணி)

போனேன், அண்ணன். விளையாட்டில் டௌன்ஸின் மனைவியையும் மகனையும் பிற்பாடு ஆர்தர் ஒரு சுரங்க ஊரில் கண்டுபிடித்து, பணம் கொடுத்து அனுப்பிவைக்கிறான். அதை முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன். எவ்வளவு கொண்டுபோவது என்று தெரியாமல் ஐயாயிரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. ஓட்டுக்குப் பதிலாகத் தகரம் போட்டிருந்தார்கள், வாசலில் இரண்டு தென்னம்பிள்ளைகள் இடுப்பளவு வந்திருந்தன. பக்கத்து வீட்டு அம்மா, அந்த அக்கா மகனோடு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். பொங்கலுக்கு வருவாரா என்று கேட்டேன். அவர் என் சட்டையையும் தோளில் கிடந்த பையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் எந்தக் குழுவுக்கு வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

எந்தக் குழுவுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.